எத்தன இன்ச் ஏத்தலாம்னு கேக்குறதுக்கு முன்னாடி

பட்டறைக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது, "அண்ணே, வண்டி உயரத்த எத்தன இன்ச் ஏத்தலாம்?" நான் பதிலுக்கு ஒன்னே ஒன்னுதான் கேப்பேன், வண்டில தினமும் எவ்வளவு எடை ஏறுது? ராம்நாடு பக்கம் கமான் (வண்டி எடைய தாங்குற வளைஞ்ச இரும்புப் பட்டை அடுக்கு) வேலை, ஷாக் அப்சார்பர் மாத்துற வேலைன்னு வருஷக்கணக்கா இதுலயேதான் கெடக்கேன். இந்த கேள்விக்கு உண்மையா பதில் சொன்ன ஆளுக்கு போட்ட ஸ்பிரிங், ஷாக் செட்டு நல்லாவே ஓடிருக்கு, உயரத்த மட்டும் பாத்து வாங்கிட்டு வந்தவங்கதான் இடுப்பு வலிக்குது, சத்தம் வருதுன்னு வந்து நிப்பாங்க.

கீழக்கரை காக்கா (அங்க அண்ணன அப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தர் இசுசு வி-கிராஸ் பிக்கப் வச்சிருக்காரு. முன்னாடி இரும்பு பம்பர், வின்ச் (மாட்டிக்கிட்ட வண்டிய கயிறு சுத்தி இழுக்குற மெஷின்), பின்னாடி தொட்டி பெரும்பாலும் காலி. பின்பக்கத்துக்கு இருக்கறதுலயே கனமான லீஃப் (கமான் பட்டை) செட்ட போட்டு விடு, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னாரு. காக்கா, காலி வண்டிக்கு கனத்த லீஃப் போட்டா அது வளையவே வளையாது, மணல் மேட்டுல ஒரு பக்கம் ஏறுனா மறு பக்கம் சக்கரம் தரைய தொடாம சும்மா சுத்தும், அப்புறம் எங்க ஏறும்னு சொன்னேன். பின்னாடி லேசான செட்டு, முன்னாடி பம்பரும் வின்ச்சும் சேந்த எடைக்கு தக்கன கனமான காயில் ஸ்பிரிங், அதுக்கு ஏத்த ஷாக்குன்னு முடிவாச்சு. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி கம்பெனிக்காரங்க ஒரே வண்டிக்கு எடைக்கு தகுந்தாப்ல வேற வேற ஸ்பிரிங் குடுக்குறது இதுக்குத்தான். ஸ்பிரிங் எடைய தாங்குது, ஷாக் அந்த ஸ்பிரிங்க அடக்குது, ரெண்டும் ஒன்னுக்கொன்னு ஒத்து வரலன்னா எவ்வளவு காசு போட்டாலும் வீண்தான்.

உயரம் ரெண்டு இன்ச்சுக்கு மேல வேணாம்னுதான் நான் சொல்லுவேன். இந்த மாதிரி வண்டிக்கு முன்னாடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் (ஸ்பிரிங், ஷாக் அமைப்பு), உயர்த்த உயர்த்த சக்கரத்த சுத்த வைக்கிற ஆக்சில் ஜாயின்ட்டு கோணம் கூடிக்கிட்டே போகும், அத மூடியிருக்குற ரப்பர் பூட் கிழியும், உள்ள மணல் போச்சுன்னா ஜாயின்ட் காலி. அலைன்மென்ட்டும் மறுபடி பாக்கணும், ஹெட்லைட்ட எறக்கி வைக்கணும், சக்கரம் முழுசா தொங்குறப்ப பிரேக் ஹோஸ் இழுபடுதான்னு ஜாக்கி போட்டு பாக்கணும். சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு, அதனால ஆர்டிஓ, இன்சூரன்ஸ் ரெண்டுலயும் கேட்டுட்டு வாங்கன்னு முன்னாடியே சொல்லிருவேன்.

மணல்ல ஓட்டுறதுக்கு உயரம்தான் வேணும்னு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு. 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு தொறக்குறதுக்கு முன்னாடி முகுந்தராயர் சத்திரத்துல இருந்து ஜீப்பும் வேனும் மணல்லயும் தண்ணிலயும்தான் தனுஷ்கோடி போகும், அத பாத்து வளந்த ஆளுங்க நாம, அந்த நெனப்பு வரத்தான் செய்யும். ஆனா மணல்ல வண்டிய மிதக்க வைக்கிறது டயர் காத்து. முப்பது பிஎஸ்ஐக்கு (காத்து அழுத்தத்தோட அளவு) மேல இருக்குறத பதினெட்டுக்கு எறக்குங்க, டயர் அகலமா படியும், அதுவே பாதி வேலை, தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காம திரும்ப அடிச்சுக்கங்க. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி பக்கம் போனா கதையே வேற, அங்க சேறு, மேல காஞ்சு வெள்ளையா உப்பு பூத்திருக்கும், கீழ வழுவழுன்னு இருக்கும், அங்க இந்த கணக்கெல்லாம் உதவாது, எறங்காம இருக்குறதுதான் நல்லது.

எனக்கு ரொம்ப புடிச்ச வேலை மீன் வண்டிங்கதான். கரைக்கு போறப்ப காலி, திரும்பி வர்றப்ப ஐஸும் மீனும் நெறஞ்ச பெட்டி. கமான்ல பட்டை கூட ஏத்தி குடுன்னு கேப்பாங்க, ஏத்துனா லோடுல நல்லா நிக்கும், காலியா போறப்ப டிரைவர் தம்பி முதுகு போயிரும். அதனால மேல இருக்குற பட்டைங்கள மெல்லுசா விட்டு, லோடு ஏறுனப்பறம் மட்டும் கீழ வந்து உக்கார்ற மாதிரி ஒரு கனத்த பட்டைய அடியில வச்சு கட்டுவேன். இந்த வண்டில இருந்து ஒழுகுற உப்புத் தண்ணி பூராவும் கமான் மேலதான் விழுது. செட்ட பிரிச்சா பட்டைக்கு நடுவுல துரு ஏடு ஏடா எந்திரிச்சு வரும், கையில தேச்சா செங்கப்பொடி மாதிரி உதிரும். ஒடையுறது அனேகமா பட்டைங்கள நடுவுல கோக்குற சென்டர் போல்ட் ஓட்டைலதான், கமான ஆக்சிலோட கட்டுற யூ போல்ட் லூசாயி பட்டை அசைய ஆரம்பிச்சா அந்த ஓட்டைல வெடிப்பு விடும்.

ஷாக்குக்கும் உப்புதான் எமன். ராடு மேல சின்னதா ஒரு புள்ளி துரு புடிச்சாலும் அது மேலயும் கீழயும் போறப்ப சீல அறுத்துரும், ஆயில் கசிஞ்சிரும். எவ்வளவு வெல குடுத்து வாங்குன ஷாக்கா இருந்தாலும் கடற்கரைல இருந்து வந்த அன்னைக்கே நல்ல தண்ணி அடிச்சு கழுவணும், அடியில, கமானுக்கு நடுவுல, பம்ப் ஸ்டாப் (அடி முட்டாம தடுக்குற ரப்பர்) சந்துல எல்லாம். போர் தண்ணி உப்பா இருக்குற ஊருங்க நம்மளது, அதுல கழுவி புண்ணியமில்ல.

மாட்டுறப்பவும் ஒரு விஷயம் பாருங்க. வண்டி ஜாக்கில தொங்கிக்கிட்டு இருக்குறப்ப ரப்பர் புஷ் போல்ட்ட முழுசா முறுக்கிட்டா, கீழ எறக்குனதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சிரும். வண்டிய நாலு சக்கரத்துல நிக்க வச்சு, அது எடை அதுல உக்காந்தப்பறம்தான் கடைசி முறுக்கு. யூ போல்ட்ட புதுசாதான் போடணும், பழசு இழுபட்டிருக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப வந்து போல்ட்டு முறுக்கு (டார்க்) சரியா இருக்கான்னு பாத்துட்டு போங்க, அதுக்கு நான் காசு வாங்குறதில்ல.