டச் பார்க்காமல் வாங்கியவை

செப்டம்பர் 24, 2025, புதன்

அக்கா வீட்டுக்கு 43 அங்குல டிவி. மாமா காலையிலேயே போனில் பிடித்தார். "வரியும் குறைந்துவிட்டது, தள்ளுபடியும் போட்டிருக்கிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், தம்பி."

இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் நோட்டை எடுத்தேன். வாங்க நினைக்கும் பொருளின் விலையை இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். வீட்டில் இதற்கு 'மொய் நோட்டு' என்று பெயர். ஆகஸ்ட் 10-ஆம் தேதி இதே டிவி இதே ஆன்லைன் தளத்தில் 25,600 ரூபாய். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது, நேற்று முன்தினம் 18 ஆகிவிட்டது. பழைய வரியைக் கழித்தால் அடக்கம் 20,000. புது வரியைச் சேர்த்தால் 23,600. திரையில் என்ன போட்டிருக்கிறார்கள்? 41,999 என்று எழுதி அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 23,990. '43 சதவீதம் தள்ளுபடி.' வரி இறங்கியதில் நமக்கு வரவேண்டிய பணத்திலேயே 390 ரூபாயைத் தடவிக்கொண்டு, மிச்சத்தைத் தங்கள் தாராளம் என்று காட்டுகிறார்கள்.

மேலே சிவப்பு எழுத்தில் ஒரு கடிகாரம் வேறு பதினைந்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தை மூடித் திறந்தேன். மறுபடியும் முழுப் பதினைந்து நிமிடம். பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் மட்டும் தலைகாட்டும் 99 ரூபாய் 'கையாளும் கட்டணம்' தனி. இப்படிப்பட்ட வேலைகளில் 13 வகையைப் பட்டியலிட்டு, செய்யக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பொய் அவசரமும் அதில் ஒன்று, கடைசியில் ஒட்டும் கட்டணமும் ஒன்று. 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தேன். எண் கொடுத்தார்கள்.

டிவியை சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 23,500-க்கு முடித்தோம். சுவரில் மாட்டுவதும் அவர்கள் பொறுப்பு. மாமாவுக்குத்தான் முகம் வாடிவிட்டது. கடிகாரத்தை ஜெயிக்கும் சந்தோஷம் கடையில் கிடைக்காது அல்லவா.

செப்டம்பர் 27, சனி

அம்மாப்பேட்டையிலிருந்து சித்தி மகன் வந்தான். கையில் பளபளவென்று ஒரு பென்டிரைவ். "இரண்டு டெராபைட் அண்ணா, 649 ரூபாய்." பெருமையாகச் சொல்ல வந்தவன் போலத் தெரியவில்லை, குரல் உள்ளே போயிருந்தது.

போன மாதம் பாப்பாவுக்குக் காதுகுத்து. போட்டோ, வீடியோ எல்லாவற்றையும் இதில் ஏற்றிவிட்டு, போனின் மெமரி கார்டில் இருந்ததை அழித்திருக்கிறான். இப்போது பென்டிரைவைச் சொருகினால் பெயர்கள் வரிசையாகத் தெரிகின்றன. திறந்தால் ஒன்றும் இல்லை.

இந்த மோசடி எளிமையானது. உள்ளே இருக்கும் சிறிய சிப்பிடம் "யார் கேட்டாலும் 2,000 ஜிபி என்று சொல்" என்று பொய் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கம்ப்யூட்டரும் நம்பிவிடும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே எழுதப்படுவதால், அது உண்மையான நினைவகத்தில் பத்திரமாக இருக்கும். உள்ளடக்கம் மட்டும் இல்லாத இடத்தில் எழுதப்பட்டு, காற்றோடு போய்விடும். ஏற்றும்போது பிழை என்று ஒரு வார்த்தை வராது. அதனால்தான் ஆள் நம்பிக்கையோடு மூலத்தை அழிக்கிறான்.

நான் முதலில் கேட்டது, "மெமரி கார்டை அதற்குப் பிறகு பயன்படுத்தினாயா?" என்றுதான். கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டதாகச் சொன்னான். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பென்டிரைவைச் சோதிக்க எஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முழுக்க எழுதிப் படித்துப் பார்ப்பது ஒரு முறை. இந்த வேகத்தில், நொடிக்குப் பத்து எம்பி என்றால், 2,000 ஜிபியை எழுதி முடிக்கவே 55 மணி நேரம் ஆகும். அங்கங்கே தொட்டுப் பார்க்கும் இன்னொரு முறை சில நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்தது. எல்லைக்கு மேல் எழுதியதைத் தொலைத்துவிடும் 'லிம்போ' வகைப் போலி என்று வந்தது. உண்மையான கொள்ளளவு 31 ஜிபி.

நகத்தால் நெம்பினேன், உலோக உறை கழன்றுவிட்டது. உள்ளே விரல்நகம் அளவு மெமரி கார்டு ஒன்று, இரண்டு சொட்டுப் பசையில் கோணலாக ஒட்டியிருந்தது. எதிர்ப்பக்கம் எடை கூட்ட ஒரு துண்டு இரும்புத் தகடு. கொலுசுக்குள் ஈயம் வைத்தவனைப் பெரியப்பா ஒருமுறை எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வாசலிலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். இந்த இரும்பை வைத்தவனை எங்கே போய் நிறுத்துவது?

செப்டம்பர் 28, ஞாயிறு

மெமரி கார்டில் போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓடவிட்டுத் தூங்கினேன். அழித்தாலும் தரவு உடனே போய்விடாது, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். அதைத்தான் இது கிளறி எடுக்கிறது. பெயர், தேதி வரிசை எதுவும் மிஞ்சாது, எல்லாம் எண்ணாகத்தான் வரும். காலையில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள். பெரிய வீடியோக்கள் பல பாதியில் அறுந்திருந்தன.

ஒன்றைத் திறந்தேன். தாய்மாமன் மடியில் குழந்தை, வாய் முழுக்கத் திறந்து, கண்ணீர் இன்னும் இறங்கவில்லை. ஆசாரியின் இரண்டு விரலுக்கு நடுவே காது மடல். போன் வழியாகவே சித்தி மகனின் மனைவி அழுவது கேட்டது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் கம்பி இழுக்கும் மிஷினுக்கும் தராசுக்கும் எனக்கும் எல்லோருக்கும் சந்தனம் குங்குமம். கம்ப்யூட்டரின் காற்றுத் துளைகள்மீது மூன்று பட்டை இழுத்திருந்தார்கள். கீபோர்டில் பொரி. 'ஜ' விசைக்கு அடியில் ஒன்று மாட்டிக்கொண்டு, மாலைவரை ஜமீன்தார் மாதிரி அசையவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஏற்காடு. எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர் 636601 என்று பின்கோடு போட்டால் பாதிப் பொருட்களுக்கு 'இந்த முகவரிக்கு வராது' என்றுதான் பதில் வருகிறதாம். அதனால் அவருடைய பொருட்களுக்கெல்லாம் எங்கள் பட்டறை முகவரி. மாதம் ஒருமுறை பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். இருபது கொண்டை ஊசி வளைவு, மடியில் ஒரு இன்வெர்ட்டர் போர்டு. 'நாளைக்கே வீட்டு வாசலில்' என்ற விளம்பரம் எல்லாம் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது.

அவர் மகன் புதுப் போன் காட்டினான். ஐபி68, தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது என்றான். நான் எதுவும் சொல்லவில்லை. மதியம் மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி இறங்கியது. வெளியே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அடுப்படிக் கதகதப்புக்கு வந்தான். கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர். ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. அந்தச் சோதனை ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் நடப்பது. குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போது உள்ளே அடைபட்ட ஈரக்காற்று என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. உத்தரவாதச் சீட்டைப் படித்துக் காட்டினேன். தண்ணீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. தண்ணீர் புகாது என்று விற்று, புகுந்தால் எங்களைக் கேட்காதே என்று எழுதிக் கொடுக்கிற வியாபாரம் வேறு எதிலாவது நடக்குமா?

போனை அணைத்து, அடுப்பு மேடையிலிருந்து தள்ளி வைத்தோம். ராத்திரிக்குள் தெளிந்துவிட்டது.

அக்டோபர் 9, வியாழன்

பவர் பேங்க் வாங்கப் போகிறவர் யாராக இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்து 20,000 எம்ஏஎச் என்ற கொள்ளளவு உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு 5 வோல்ட்டில் கொடுக்கும்போது அது 14,800 ஆகிவிடும், சூடாகிப் போவது போக இன்னும் குறையும். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் உண்மையான எண் இருக்கும். இல்லையென்றால் வாங்க வேண்டாம். இன்று இவ்வளவுதான், பட்டறையில் தீபாவளி வேலை.

அக்டோபர் 12, ஞாயிறு

விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நாளை மறுநாள், 14-ஆம் தேதியோடு முடிகின்றன. ஓராண்டு நீட்டிக்கொள்ள வழி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அடுத்த அக்டோபரிலும் இதே கதைதான். பட்டறை கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல்லின் நான்காம் தலைமுறை ஐ3 செயலி. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். இரண்டும் கிடையாது. எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்ட பிறகு இன்னும் சுறுசுறுப்பாக ஓடுகிற மிஷினை இதற்காகப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். நாற்பது நிமிடம்.

யாரோ ஒரு புண்ணியவான் பல வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்த பில் மென்பொருளும், விண்டோஸ் மென்பொருட்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் திறந்துகொண்டது. எழுத்துரு மட்டும் கொஞ்சம் பருத்துவிட்டது. இந்தக் குறிப்பை அதே கம்ப்யூட்டரில், தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறேன். அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, நடு மெய்க்குப் புள்ளி தானாக வைத்து 'அம்மா' வந்துவிடுகிறது. 1999-இல் செய்தது, இன்னும் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழை வரவழைக்கிறார்கள்.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று என் வாய்க்கொழுப்புக்குச் சரியான அடி.

தராசிலிருந்து எடை நேரே பில்லுக்குப் போக வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. வெள்ளி விலை இருக்கிற இருப்பில், கையால் எழுதும்போது ஒரு புள்ளி தவறினால் போதும். தராசில் இருப்பது பழைய ஒன்பது ஊசி சீரியல் சொருகி. அதை யுஎஸ்பி ஆக்க 2022-இல் ஒரு மாற்றிக் கேபிள் ஆன்லைனில் வாங்கினேன், 220 ரூபாய். விண்டோஸில் சொருகியதும், இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று ஒரு வரி வந்து நின்றுவிட்டது. சந்தையில் இதன் நகல் ஏராளம் என்பதால், பழைய அசலையும் சேர்த்தே விண்டோஸில் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒதுக்கிவிடுகிறது. என்னுடையது நகல்தான், 220 ரூபாய்க்கு வேறு என்ன வரும். திருப்பி அனுப்பும் தேதியும் போயிருந்தது. மூன்று வருடமாக அதை ஆணியில் தொங்கவிட்டு, மலிவாக ஆன்லைனில் வாங்காதே என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

சும்மா இருக்காமல் இன்று அதை மின்ட்டில் சொருகினேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. 'டிடிஒய் யுஎஸ்பி 0' என்று வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அனுமதி மட்டும் இல்லை என்றது. என் பெயரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்க்க வேண்டுமாம், தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்துப் பெயர். சேர்த்து, வேகத்தை 9600 என்று வைத்தேன். தட்டில் ஒரு ஜோடி கொலுசை வைத்ததும் கருப்புத் திரையில் 182.46 என்று வந்தது. எடுத்தேன், சுழி. வைத்தேன், 182.46. பத்துத் தடவையாவது வைத்து எடுத்திருப்பேன், சலங்கைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

போலிச் சிப், ஒதுக்கப்பட்ட கம்ப்யூட்டர். வெள்ளியின் சுத்தத்தைச் சோதிப்பதுபோல டச் பார்த்திருந்தால் இரண்டையும் நானே தள்ளியிருப்பேன். உபதேசம் கேட்டவர்களில் நான்கு பேரையாவது தேடிப் பிடித்து இதைச் சொல்ல வேண்டும். ஆனால் மொய் நோட்டை மூடப் போவதில்லை.

அக்டோபர் 18, சனி

பெரியப்பா வந்து திரை முன்னால் நின்றார். "இந்த எண் எங்கிருந்து வருகிறது?"

"தராசிலிருந்து, பெரியப்பா. கேபிள் வழியாக."

"நடுவில் யாரும் மாற்ற மாட்டார்களே?"

"மாட்டார்கள்."

அலமாரியைத் திறந்து, துணி சுற்றி வைத்திருக்கும் நூறு கிராம் படிக்கல்லை எடுத்தார். வேட்டி நுனியில் துடைத்துத் தட்டில் வைத்தார். தராசில் 100.00. திரையில் 100.00. கல்லை எடுத்துவிட்டு, சுழி வரும்வரை காத்திருந்து, மறுபடியும் வைத்தார். பிறகு தலையாட்டிவிட்டு, காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, அடுத்த ஜோடியின் எடையைத் தன் சிவப்பு நோட்டில் எழுத ஆரம்பித்தார்.