6 எம்பி ஜிப்புக்குள்ள மூணு மணி நேர வீடியோ: ஃபைல் பேரைப் படிக்கத் தெரியாம நான் பட்டது

அம்மாவுக்கு முட்டி வலி, இந்த வருஷம் பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் போக முடியல. சித்தப்பா பையன் தீமிதி முழுசையும் கேமராவுல எடுத்து கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்பியிருந்தான். அதை இறக்கி அம்மாவுக்குக் காட்டிடலாம்னு உட்கார்ந்தேன். மூணு வாரம் ஆச்சு, இன்னும் மனசு ஆறல.

அவன் வச்சிருந்த பேரு பீலிக்கான்.தீமிதி.2160பி.எக்ஸ்265.10பிட்.எம்கேவி, சைஸ் 14 ஜிபி. இதுல ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் இருக்குன்னு அப்ப தெரிஞ்சிருந்தா அங்கயே நிறுத்தியிருப்பேன். 2160பின்னா 4கே, அதாவது ரொம்பத் துல்லியமான படம். 10பிட்னா நிறத்தை இன்னும் நுணுக்கமாப் பதியிறது. எக்ஸ்265ன்னா வீடியோவச் சுருக்குற முறை, சில பேரு ஹெச்இவிசின்னு போடுவாங்க, பழைய எக்ஸ்264ஐ விட சைஸ் நல்லா குறையும் ஆனா அதைப் பிரிச்சுக் காட்ட மெஷினுக்குத் தெம்பு வேணும். என்னோடது 2013ல வாங்கின லேப்டாப், 4கே, 10பிட் எல்லாம் அதுல ஓடவே ஓடாது. ஓடாத ஃபைலுக்காக மூணு நாள் மல்லுக்கட்டினேன். யாங்கோன்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு உங்களுக்கே தெரியும், பாதி இறங்கும், வைஃபை செத்துடும், திரும்ப முதல்லேர்ந்து. நாலாவது நாள் நிறைய பேரு இறக்கிட்டாங்க, லிமிட் முடிஞ்சதுன்னு டிரைவே கதவைச் சாத்திடுச்சு.

சித்தப்பா பையனுக்கே ஒரு போன் போட்டு சின்ன சைஸ்ல குடுடான்னு கேட்டிருக்கணும். கேட்கல. அந்தப் பேரை அப்படியே காப்பி பண்ணி, 2160பியை மட்டும் சின்ன அளவான 720பின்னு மாத்தி நெட்டுல தேடினேன். முதல் பக்கத்துலயே அதே பேரு, எழுத்து பிசகாம, கீழ பச்சைக் கலர்ல டவுன்லோட் பட்டன். நாம எதைத் தேடினாலும் அதையே தலைப்பா ஒட்டிக் காட்டுற பக்கங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுப் பாருங்க, எங்க சித்தப்பா பையன் எடுத்த வீடியோ முன்ன பின்ன தெரியாதவன் கிட்ட எப்படி இருக்கும்?

இறங்கினது 6 எம்பி ஜிப், அதுக்குப் பாஸ்வேர்டு, பக்கத்துலயே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல அந்தப் பாஸ்வேர்டு. இப்படி ஜிப்பைப் பூட்டி, சாவியையும் பக்கத்துலயே வைக்கிறது ஆன்டிவைரஸ் உள்ள எட்டிப் பார்க்கக் கூடாதுன்னுதான். பிரிச்சா 740 எம்பி ஆச்சு. அடடா எவ்வளவு நல்லா சுருக்கியிருக்கான், டேட்டா மிச்சம்னு அப்ப சந்தோஷப்பட்டேன். இதை நல்லா கவனிங்க: வீடியோ ஏற்கனவே சுருக்கின சரக்கு, அதை ஜிப் பண்ணினா சைஸ் பெருசா குறையாது. 6 எம்பி 740 ஆச்சுன்னா உள்ள இருக்கிறது வீடியோவே இல்ல, வெறும் பூஜ்யமா ரொப்பி ஊத வச்ச ஃபைல். ஏன் ஊதுறாங்கன்னா ரொம்பப் பெரிய ஃபைலைப் பல ஸ்கேனருங்க தொடுறதில்ல, ஃபைலை ஏத்தி வைரஸ் இருக்கான்னு பார்க்கிற வைரஸ்டோட்டல் சைட்ல கூட 650 எம்பிக்கு மேல ஏத்த முடியாது. அதனால சைஸ் பெருசா இருக்கே, நிஜமாத்தான் இருக்கும்னு நம்பாதீங்க.

ஃபைல் பேரு .எம்பி4ன்னு முடிஞ்சது, வீடியோ படம் போட்ட ஐகான். உண்மையில அதுக்குப் பின்னாடி .இஎக்ஸ்இ இருந்திருக்கு, அப்படின்னா அது ப்ரோகிராம், விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைச்சிடுது, வாங்கும்போதே செட்டிங் அப்படித்தான் வருது. முன்னாடி கொஞ்சம் கிறுக்கலா எழுத்தும் இருந்துச்சு, அது எனக்கு உறுத்தவே இல்ல, ஏன்னா 2019 அக்டோபர்ல யூனிகோடுக்கு மாறினதுலேர்ந்து ஜோஜிங்கிற பழைய பர்மிய எழுத்துருவுல பேரு வச்ச பாட்டு ஃபைலெல்லாம் என் லேப்டாப்புல கிறுக்கலாத்தான் தெரியும், கண்ணுக்குப் பழகிப் போச்சு. டபுள் கிளிக் பண்ணினேன், ஒண்ணுமே வரல. சரி கெட்டுப்போன ஃபைல்னு விட்டுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மண்டலேலேர்ந்து அண்ணி போன் பண்ணி, "அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கீங்க, பணம் வந்துச்சா?"ன்னு அழறாங்க. என் பேஸ்புக்லேர்ந்து எவனோ அவங்க கிட்ட 150,000 கியாட் வாங்கியிருக்கான். ஓடிபி எல்லாம் போட்டுத்தான் வச்சிருந்தேன், ஆனா நான் டபுள் கிளிக் பண்ணினது ஒரு திருட்டு ப்ரோகிராம், நாம லாகின் ஆகி இருக்கோம்னு ப்ரவுசர் வச்சிருக்கிற அடையாளச் சீட்டான குக்கீயையே அது தூக்கிட்டுப் போனா அவனுக்குப் பாஸ்வேர்டும் வேணாம், ஓடிபியும் வேணாம்.

லேப்டாப்பைத் தூக்கிட்டு ஒரு கடைக்குப் போனேன். முதல் நாள் கரண்ட் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் ஒரு ஸ்கேன் ஓட்டிட்டு வைரஸ் இல்ல, க்ளீன்னு சொல்லி 30,000 வாங்கிக்கிட்டாங்க. அந்த ஜிப் டவுன்லோட்ஸ்லயே கிடக்குதே பாருங்கன்னு சொன்னேன், திறந்து கூடப் பார்க்கல. நம்பி வீட்டுக்கு வந்து லாகின் பண்ணினேன், ராத்திரியே அக்கவுண்ட் திரும்பவும் அவன் கைக்குப் போச்சு.

கடைசியில சித்தப்பா பையன்தான் வந்து சரி பண்ணினான். முதல்ல வேற போன்லேர்ந்து எல்லா பாஸ்வேர்டையும் மாத்தி, எல்லா டிவைஸ்லேர்ந்தும் லாக் அவுட் குடுத்தான். இந்த வரிசை முக்கியம், கெட்ட மெஷின்ல உட்கார்ந்து மாத்தினா புதுசும் அவன் கைக்குத்தான் போகும். அப்புறம் போட்டோவை மட்டும் எடுத்து வச்சுட்டு விண்டோஸைத் துடைச்சுப் புதுசாப் போட்டான். எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனுக்கு டிக் போட வச்சான், நீங்களும் இப்பவே போடுங்க. கடைசிப் புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதுதான் அது என்ன வகை ஃபைல்னு சொல்லும், முன்னாடி எத்தனை 1080பி போட்டிருந்தாலும் வெறும் எழுத்துதான். டைப்னு தலைப்புப் போட்ட பத்தியையும் பாருங்க, அங்க அப்ளிகேஷன், ஸ்க்ரீன் சேவர், ஷார்ட்கட்னு இருந்தா தொடவே தொடாதீங்க. பசங்க படம் இறக்குறேன்னு அலைவாங்க, அவங்களுக்கும் சொல்லி வைங்க, தியேட்டர்ல இப்பத்தான் ஓடிட்டு இருக்கிற படத்துக்கு டிஸ்க்லேர்ந்து எடுத்த ப்ளூரேன்னு பேரு போட்டிருந்தா அந்தப் பேரே பொய். வீடியோ ஓடலன்னா விஎல்சி ப்ளேயரை அதோட சொந்த சைட்லேர்ந்து மட்டும் எடுங்க, வீடியோவை ஓட வைக்கிற கோடெக் பேக்னு எவன் எதைக் குடுத்தாலும் வேணாம்.

வீடியோவை அவனே 720பி எக்ஸ்264ல மாத்தி பென் டிரைவ்ல குடுத்தான், ரெண்டு ஜிபி கூட இல்ல. அம்மா ராத்திரி பூரா பார்த்தாங்க, தீ மிதிக்கிற இடம் வந்தப்ப உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாங்க. அண்ணி பணம் திரும்ப வரல. என்னாலதானே போச்சு, மாசம் 30,000னு நானே குடுத்துட்டு வரேன், இன்னும் நாலு மாசம் பாக்கி.