தென் சென்னை: 1957 முதல் 2024 வரை ஒரே தொகுதி அல்ல

நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கினால் போதும், தென் சென்னையின் வெற்றியாளர் பட்டியலை யாராவது எடுத்துப் போட்டு, "இது இன்ன கட்சியின் கோட்டை" என்று எழுதிவிடுவார்கள். பட்டியலில் உள்ள பெயர்கள் சரிதான். ஆனால் அந்தப் பெயர்களுக்கு அடியில் இருக்கும் நிலம் இதற்குள் பலமுறை மாறிவிட்டது. அதைக் கணக்கில் எடுக்காமல் 1971ஐயும் 2019ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவது வீண்வேலை.

முதல் பொதுத்தேர்தலில் தென் சென்னை என்று ஒரு தொகுதியே இல்லை. சென்னை என்ற ஒரே தொகுதி, காங்கிரஸின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி வென்றார். 1957ல் அது வடக்கு, தெற்கு என இரண்டானது. வடக்கில் தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை வந்தார், தெற்கில் மறுபடியும் டி.டி.கே. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்ட விவகாரத்தில் 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவியை விட்ட அவர், 1962ல் திருச்செந்தூருக்குப் போய் அங்கே போட்டியின்றித் தேர்வானார். அந்த ஆண்டு தென் சென்னையில் வென்றவர் திமுகவின் நாஞ்சில் கி. மனோகரன். சென்னை மாநிலத்திலிருந்து அப்போது மக்களவைக்குப் போன 7 திமுகவினரில் அவர் ஒருவர்.

1967ல் அண்ணா நின்றது சட்டமன்றத்துக்கு அல்ல, தென் சென்னை நாடாளுமன்றத் தொகுதிக்கு. கட்சி தனிப்பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்ததும் மக்களவை இடத்தை விட்டுவிட்டு, சட்ட மேலவை வழியாக முதலமைச்சராகத் தொடர்ந்தார். காலியான இடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில்தான் முரசொலி மாறன் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், 1971லும் அவரே. பின்னாளில் 'மாறன் தொகுதி' என்று மத்திய சென்னையைச் சொல்கிறோமே, அந்தத் தொகுதி அப்போது பிறக்கவே இல்லை.

மத்திய சென்னை பிறந்தது 1971 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 1976ல் வந்த மறுவரையறையில். 1977 தேர்தலிலிருந்து சென்னைக்கு மூன்று தொகுதிகள். அந்தத் தேர்தலில் அதிமுக, காங்கிரஸ் அணி மாநிலத்தைக் கிட்டத்தட்ட துடைத்து எடுத்தபோது, வட சென்னையில் திமுகவின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியும் மத்திய சென்னையில் பழைய காங்கிரஸின் பா. ராமச்சந்திரனும் தப்பித்தார்கள். நகரில் அலையோடு போனது தெற்கு மட்டுமே: காங்கிரஸின் ஆர். வெங்கட்ராமன். 1980லும் அவரே வென்று, நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் எனப் போய் 1984 ஆகஸ்டில் குடியரசுத் துணைத் தலைவரானார். அந்த ஆண்டு டிசம்பரில் வைஜெயந்திமாலா, இரா. செழியனைத் தோற்கடித்தார். 1989ல் ஆலடி அருணாவை வென்று மறுபடியும் அவரே. 1991ல் அதிமுகவின் ஆர். ஸ்ரீதரன். 1996, 1998, 1999, 2004 என நான்கு முறை தொடர்ந்து திமுகவின் டி.ஆர். பாலு.

1977 முதல் 2004 வரை இப்படி 9 பொதுத்தேர்தல்கள் ஒரே எல்லைக்குள் நடந்தன. 1976ல் 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மறுவரையறையை நிறுத்திவைத்ததுதான் காரணம். மயிலாப்பூர், தியாகராய நகர், சைதாப்பேட்டையில் தொடங்கி ஆலந்தூர் வழியாகத் தாம்பரம் வரை நீண்ட தொகுதி அது. ஒரு முனையில் கபாலீசுவரர் கோயில் மாட வீதிகள், மறுமுனையில் ரயில்வே பணிமனையும் விமானப்படைத் தளமும். நகரம் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வளர வளர, தாம்பரம் சட்டமன்றத் தொகுதி ஊதிக்கொண்டே போனது. கோடு மட்டும் அசையவில்லை.

அடுத்த மாற்றம் 2008ல். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு அது, கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். தமிழ்நாட்டு மக்கள்தொகை 6,24,05,679. மாநிலத்தின் மொத்த இடங்களைத் தொட முடியாது. மக்களவைக்கு 39, சட்டமன்றத்துக்கு 234, இரண்டும் உறைந்தவை. 234ஆல் வகுத்தால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரி ஏறத்தாழ 2,66,700 பேர். அப்போதைய சென்னை மாவட்டத்தில் 43,43,645 பேர். வகுத்தால் 16.3 வரும், ஆக 14 தொகுதிகள் 16 ஆயின. ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள் என்பதால் மூன்று தொகுதிகளுக்கு 18 வேண்டும். முன்பு 14 போக வெளியிலிருந்து நான்கு வந்து ஒட்டியிருந்தன: வடக்கே வில்லிவாக்கம், திருவொற்றியூர், தெற்கே ஆலந்தூர், தாம்பரம். இப்போது இரண்டு போதும். வடக்கே திருவொற்றியூர் நீடித்தது. தெற்கே புதிதாக உருவான சோழிங்கநல்லூர் வந்தது.

ஆலந்தூரும் தாம்பரமும் ஸ்ரீபெரும்புதூருக்குப் போயின. அதுவரை தனித் தொகுதியாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் பொதுத் தொகுதியானது. செங்கல்பட்டு நாடாளுமன்றத் தொகுதி மறைந்து காஞ்சிபுரம் தனித் தொகுதி வந்தது. 2009ல் டி.ஆர். பாலு எங்கே நின்றார் என்று பாருங்கள்: ஸ்ரீபெரும்புதூர். தொகுதி மாறினார் என்று செய்தியில் படித்தோம். வரைபடத்தில் பார்த்தால், அவருடைய பழைய வாக்காளர்களில் பெரும்பகுதி எங்கே போனதோ அங்கேயே அவரும் போயிருக்கிறார்.

புதிய தென் சென்னையில் விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராய நகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர். இந்த எல்லையில் நடந்த முதல் தேர்தலிலேயே, 27 இடங்களை வென்ற திமுக அணி இங்கே தோற்றது. அதிமுகவின் சி. ராஜேந்திரன் ஆர்.எஸ். பாரதியை வென்ற வித்தியாசம் 32,935. மூன்றாவதாக வந்த தேமுதிக வாங்கியது அதைவிட அதிகம்.

இனி பழைய முடிவுகளைத் தோண்டுகிறவர்கள் வழக்கமாக இடறும் இடங்கள். முதலாவது வார்டு எண். 2008 ஆணையில் நகர்ப்புறத் தொகுதிகள் மாநகராட்சி வார்டு எண்ணால் வரையறுக்கப்பட்டுள்ளன. அவை 174 சதுர கி.மீ. மாநகராட்சியின் 155 வார்டுகள். 2011ல் மாநகராட்சி 426 சதுர கி.மீ. ஆகி 200 வார்டுகள் வந்தன. எண்கள் அத்தனையும் மாறின. இன்றைய வார்டு வரைபடத்தை வைத்து ஆணையைப் படித்தால் மயிலாப்பூர் எங்கோ போய் விழும். பழைய 155 வார்டு வரைபடம் கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இரண்டாவது மாவட்டம். சோழிங்கநல்லூர் வட்டம் 2018ல் சென்னை வருவாய் மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் தேர்தல் ஆவணங்களில் சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதி, எண் 27, செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ்தான் இருக்கும். சென்னை என்று தேடினால் 11 முதல் 26 வரை 16 தொகுதிகள் கிடைக்கும், இது கிடைக்காது. அந்தத் தொகுதிக்குள்ளேயே மாநகராட்சி வார்டுகளும் உண்டு, மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் உண்டு.

மூன்றாவது படிவம் 20. வாக்குச்சாவடி வாரியாக முடிவு தெரிய அதுதான் ஆதாரம். ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் தனித்தனித் தாள் இருக்கும். ஆறையும் கூட்டினால் அறிவிக்கப்பட்ட மொத்தம் வராது. தபால் வாக்குகள் நாடாளுமன்றத் தொகுதி அளவில் தனியாக எண்ணப்பட்டுச் சேர்கின்றன. 'முறைகேடு' என்று பதிவு போடுவதற்கு முன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள். அடுத்து, சாவடி எண்ணை நம்பி இரண்டு தேர்தல்களை ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு தேர்தலுக்கு முன்பும் சாவடிகளைப் பிரித்துச் சீரமைப்பதில் எண்கள் நகர்ந்துவிடும். வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் பக்கம் ஒன்று உண்டு. எந்தெந்தத் தெருக்கள் எந்தப் பிரிவில், சாவடி எந்தக் கட்டடத்தில், ஆண் பெண் எத்தனை என்று அதில் இருக்கும். தெருப் பெயரைப் பொருத்துங்கள், எண்ணை விட்டுவிடுங்கள். மெதுவான வேலைதான், வேறு வழியில்லை.

நான்காவது, வாக்குப்பதிவு சதவீதம். 2024 ஏப்ரல் 19 இரவு தென் சென்னைக்கு அறிவிக்கப்பட்டது 67.82. மறுநாள் அது 54.27 ஆனது, இறுதியில் 54.17. வாக்குப்பதிவு விவரம் பதியும் செயலியில் ஒரு சில சாவடிகளே தகவல் பதிந்திருந்தன, அதை வைத்துக் கணித்ததால் வந்த பிழை என்பது தலைமைத் தேர்தல் அதிகாரி தந்த விளக்கம். நம்பத்தக்க எண் வேண்டுமென்றால் படிவம் 17சி. பதிவு முடிந்ததும் சாவடியிலேயே அலுவலர் கையெழுத்திட்டு பூத் ஏஜென்ட்களிடம் கொடுக்கும் தாள் அது. அன்றிரவு தொலைக்காட்சியில் ஓடுவது வெறும் மதிப்பீடு.

அந்த 54 சதவீதத்தையும் அப்படியே 'படித்தவர்கள் ஓட்டுப் போட வருவதில்லை' என்று மொழிபெயர்ப்பது சோம்பேறித்தனம். வகுக்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். 2024ல் தொகுதியில் 20 லட்சத்துக்குச் சற்று மேல் வாக்காளர்கள். அந்த ஜனவரிப் பட்டியலில் சோழிங்கநல்லூரில் மட்டும் 6,60,419 பேர், தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய சட்டமன்றத் தொகுதி. ஆறில் ஒன்று, ஆனால் வாக்காளரில் மூன்றில் ஒரு பங்கு. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டு வாடகைக்கு இருந்து போனவர்களின் பெயர் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு நகரின் உள்ளிருந்து மாற்றப்பட்டவர்கள் விஷயம் இதற்கு நேர்மாறு: ஆள் இங்கே, ஓட்டு பழைய முகவரியில். வீடு மாறினால் படிவம் 8; புதிதாகச் சேர்ந்தால் படிவம் 6. வீடு மாறியவர் 8க்குப் பதில் 6 கொடுத்தால், பழைய இடத்தில் பெயர் நீங்காமல் இரண்டு பதிவாகும். பெயரை நீக்குவதற்கான படிவம் 7ஐ யாரும் தேடிப்போய்க் கொடுப்பதில்லை. இப்படிச் சேரும் பெயர்கள் சதவீதத்தைக் கீழே இழுக்கும். அதற்காக மயிலாப்பூர்க்காரர்களின் சோம்பல் பொய் என்று சொல்லவில்லை; அதுவும் உண்டு.

வேளச்சேரிப் பகுதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்தபின் இயந்திரங்களை இருசக்கர வண்டியில் கொண்டுபோனபோது பொதுமக்கள் மடக்கினார்கள். அதிலிருந்த விவிபேட், அதாவது போட்ட வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் இயந்திரம், அன்று பதிவில் பயன்பட்டது தெரியவந்ததும், ஏப்ரல் 17ல் ஒரே ஒரு சாவடிக்கு மறுவாக்குப்பதிவு நடந்தது.

வேட்பாளர் எண்ணிக்கையும் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். ஒரு வாக்குப்பதிவு அலகில் 16 பொத்தான்கள்தான். 2024ல் 41 பேர், நோட்டாவோடு 42. ஆகவே ஒவ்வொரு சாவடியிலும் மூன்று அலகுகள். மத்திய சென்னையில் 31 பேரும் நோட்டாவும் கச்சிதமாக இரண்டில் அடங்கின. மூன்று அலகுகளை வரிசை மாறாமல் இணைக்க வேண்டும், மாதிரி வாக்குப்பதிவுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். 

புதிய எல்லையின் கடைசி மூன்று முடிவுகளை மட்டும் ஒப்பிடலாம், நிலம் ஒன்றே என்பதால். 2014ல் அதிமுகவின் ஜெ. ஜெயவர்தன் 4,38,404, திமுகவின் டி.கே.எஸ். இளங்கோவன் 3,01,779, பாஜகவின் இல. கணேசன் 2,56,786. 2019ல் தமிழச்சி தங்கபாண்டியன் 5,64,872; ஜெயவர்தன் 3,02,649; மக்கள் நீதி மய்யத்தின் ரங்கராஜன் 1,35,465. 2024ல் தமிழச்சி 5,16,628, பாஜகவின் தமிழிசை சௌந்தரராஜன் 2,90,683, ஜெயவர்தன் 1,72,491.

இரண்டாமிடம் வந்ததை வைத்து பாஜக திடீரென்று வளர்ந்துவிட்டதாக எழுதினார்கள். பத்தாண்டு இடைவெளியில் கூடியது 34,000 வாக்குகள்தான். சரிந்தது அதிமுக. டெபாசிட்டைக் காப்பாற்ற, செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும், ஏறத்தாழ 1.8 லட்சம், ஜெயவர்தனுக்கு அது கிட்டவில்லை. 2019ல் அவர் வாங்கியது பாஜக, பாமக, தேமுதிக சேர்ந்த கூட்டணியின் வாக்கு என்பதையும் மறக்கக் கூடாது. 2024ல் பாஜகவும் அதிமுகவும் பிரிந்து வாங்கியதைக் கூட்டினால் 4,63,174 வருகிறது, 2019ஐவிட 1,60,000 அதிகம். மய்யம் 2024ல் திமுக அணியில் இருந்தும் திமுகவின் வாக்கு 48,000 குறைந்திருக்கிறது. மய்யத்துக்கு 2019ல் விழுந்த வாக்கு கட்சி சொன்ன பக்கம் போகவில்லை என்றே இந்தக் கணக்கு காட்டுகிறது.

அடுத்த மறுவரையறை, 84ஆவது திருத்தத்தின்படி, 2026க்குப் பிறகு நடக்கும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வர வேண்டும். கடந்த முறை மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக உட்கார்ந்தார்கள். பேசலாம், வாக்களிக்க முடியாது. எனவே எல்லைக்கோட்டை வைத்துப் பேரம் பேச நினைக்கும் கட்சிகளுக்கு வரைவு வெளியானபின் கொடுக்கும் ஆட்சேபணை மனுதான் வழி. வரைவு கைக்கு வந்ததும் முதலில் சோழிங்கநல்லூர் எத்தனையாக உடைந்திருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, ஆலந்தூர் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று.