ரயில்வே போர்ட்டர்

கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்த பீர் பெயர்களில் மூன்றாவதைப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். ரயில்வே போர்ட்டர்.

நான் இங்கிலாந்தின் டெர்பி நகரத்துக்கு வந்து ஆறாவது வாரம் அது. நவம்பர் மாதம், நாலரை மணிக்கே இருட்டு. வாடகைக்கு எடுத்த வீட்டில் பாய்லர் நின்றுபோயிருந்தது. சரிசெய்ய மூன்று நாள் ஆகும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் குளிருக்குள் போக மனசு வரவில்லை. ரயில் நிலையத்திலிருந்து வலப்பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். இரண்டு தெருக்கள் சேரும் மூலையில், கப்பலின் முகப்பு மாதிரி கூராக நின்ற ஒரு செங்கல் கட்டடத்தின் ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. கதகதப்புக்காகத்தான் உள்ளே போனேன்.

அதுவரை நான் எந்த மதுக்கடைக்குள்ளும் கால் வைத்ததில்லை. விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் டாஸ்மாக் இருந்தது. அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் அம்மா எங்களை எதிர்ச்சாரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். இங்கே ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் ஒரு நாய் தூங்கியது. சுவர் முழுக்க பழைய ரயில் படங்கள். கவுன்டரில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து, 'என்ன வேணும், மை டக்?' என்று கேட்டார். டக் என்றால் வாத்துதானே என்று குழம்பினேன். நம் ஊரில் முன்பின் தெரியாத பிள்ளையையும் 'கண்ணு' என்று கூப்பிடுவோமே, டெர்பிக்காரர்களுக்கு அது 'டக்'. ஆறு வாரத்தில் என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான்.

கரும்பலகையைக் காட்டி அரை பைன்ட் கேட்டேன். கைப்பம்பை இழுத்து ஊற்றினார். கிட்டத்தட்ட கறுப்பு நிறம். பீர் என்றால் பல் கூசும் குளிர்ச்சி என்று நினைத்திருந்தேன். கைப்பம்பில் வருவது நிலவறைக் குளிர்ச்சிதான், 12 டிகிரி அளவில். அதைவிடக் குளிரவைத்தால் ருசி அடங்கிவிடுமாம். வாயில் வைத்ததும் வறுத்த காப்பிக்கொட்டையும் லேசாகக் கருகிய வெல்லமும் ஞாபகத்துக்கு வந்தன.

பக்கத்தில் இருந்த பெரியவர் தானாகவே விளக்கினார். போர்ட்டர் என்பது பீரில் ஒரு வகை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் தெருக்களிலும் ஆற்றுத்துறையிலும் சுமை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இந்தக் கடை ரயில்காரர்களின் கடை என்பதால் ரயில்வே போர்ட்டர். 'உங்கள் ஊரில் போர்ட்டர் என்ற சொல் உண்டா?' என்று கேட்டார். உண்டு என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

என் அப்பா விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டர். சிவப்புச் சட்டை, கையில் பித்தளை வில்லை, அதில் எண் 63. ரயில்வே ஊழியர் என்று அவரைச் சொல்ல முடியாது. லைசென்ஸ் மட்டும்தான், சம்பளம் கிடையாது. பள்ளிக்கூட விண்ணப்பத்திலிருந்து கல்லூரி வரைக்கும் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'ரயில்வே' என்று மட்டும் எழுதி வந்தேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. டெர்பி அலுவலகத்திலும் அதையேதான் சொல்லியிருந்தேன்.

அந்தக் கடையின் பெயர் பிரன்ஸ்விக். அதன் கதை தெரிந்தபிறகு எனக்கு அது வெறும் கடையாக இல்லை. 1840களின் தொடக்கத்தில் நார்த் மிட்லண்ட் ரயில்வே தன் தொழிலாளிகளுக்காக நிலையத்தை ஒட்டி வரிசை வீடுகள் கட்டியது. வடிவமைத்தவர் பிரான்சிஸ் தாம்சன், அந்தக் கம்பெனிக்கு ரயில் நிலையங்கள் கட்டிய அதே கட்டடக் கலைஞர். அந்த முக்கோணக் குடியிருப்பின் மூலையில் ரயில்காரர்கள் உட்கார்ந்து குடிக்க எழுந்ததுதான் பிரன்ஸ்விக். 1970களில் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுகிற நிலை வந்தது. ஊர் வரலாற்றின் மேல் அக்கறை உள்ளவர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். 1987இல் கடை திரும்பத் திறந்தது. 1991இல் அங்கேயே பீர் காய்ச்சும் ஒரு ப்ரூவரியும் வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்கோ இயக்குநருக்கோ வீடு கட்டுவது பெரிய விஷயமில்லை. கூலிக்காரன் வேலை முடிந்து சாய்ந்து உட்காரும் பெஞ்சை நூற்றைம்பது வருடம் கழித்தும் காப்பாற்றிவைக்கிற ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

வெள்ளிக்கிழமைகளில் போக ஆரம்பித்தேன். ஒரு மேசை எப்போதும் ரயில் ரசிகர்களுக்கானது. ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், லிட்ச்சர்ச் லேன் தொழிற்சாலையில் ரயில் பெட்டி கட்டியவர் ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லோர் பையிலும் சின்ன நோட்டுப் புத்தகம் இருக்கும். பார்த்த எஞ்சின்களின் எண்களைச் சிறுவயதிலிருந்து எழுதிவருகிறார்கள். கைப்பம்பில் மாட்டும் பீர் பெயர்ச்சின்னங்களைப் பற்றியும் அதே ஆர்வத்தோடு பேசுவார்கள். வில்ட்ஷயரில் பாக்ஸ் ஸ்டீம் என்று ஒரு ப்ரூவரி இருக்கிறது. பொறியாளர் புரூனல் கட்டிய பாக்ஸ் ரயில் சுரங்கத்தின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய ஒரு பீரின் பெயர் டனல் விஷன். பெயரைக் கேட்டால் போதும், டிரைவர் சுரங்கத்தின் கதையை 1841இலிருந்து தொடங்கிவிடுவார். பக்கத்திலேயே அலெக்சாண்ட்ரா என்ற கடை. அதன் முற்றத்தில் கிளாஸ் 37 டீசல் எஞ்சினின் முகப்பு ஒன்றையே கொண்டுவந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ரவுண்ட் என்கிற வழக்கத்தையும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர். என் முறை வந்தபோது எழுந்து போய் வாங்கி வந்தேன். அன்றைக்குத்தான் இந்த ஊரில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

பீரும் ரயிலும் எப்படி இவ்வளவு ஒட்டிக்கொண்டன என்று ஒருநாள் கேட்டேன். பெட்டி கட்டியவர் பர்ட்டனைக் காட்டினார். டெர்பியிலிருந்து கால்மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊர்த் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், பீருக்கு அவ்வளவு ஏற்ற தண்ணீர். 1822 வாக்கில் அங்கே ஆல்சாப் என்பவர் இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கென்றே வெளிறிய நிற ஏல் என்கிற பீர் வகையைக் காய்ச்ச ஆரம்பித்தார். இன்றைக்கு ஐ.பி.ஏ., அதாவது இந்தியா பேல் ஏல், என்று உலகம் முழுக்க விற்பதில் உள்ள 'ஐ' நம் இந்தியாதான். 1839இல் பர்ட்டனுக்கு ரயில் வந்ததும் பீப்பாய்கள் நாடு முழுக்கப் பறந்தன. மிட்லண்ட் ரயில்வே லண்டனில் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தை 1868இல் திறந்தபோது, நடைமேடைக்குக் கீழிருந்த தளம் பர்ட்டன் பீப்பாய்களை இறக்கி வைக்கத்தான். இரும்புத் தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் விடுவது என்பதைப் பொறியாளர் பார்லோ பீப்பாய் அளவை வைத்தே தீர்மானித்தார். இன்றைக்கு அந்த இடத்தில் பாரிஸ் ரயிலுக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். லண்டன் போகும்போதெல்லாம் நான் ஒரு தூணையாவது தொட்டுவிட்டு வருவேன். அத்தனை பீப்பாய்களையும் யாரோ ஒருவர் உருட்டியிருப்பார் அல்லவா?

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு வடக்கே கிளம்பினார்கள். முதலில் ஷெஃபீல்டு. நிலையத்திலேயே 1904இல் கட்டிய சிற்றுண்டி அறை பல வருடம் பாழடைந்து கிடந்தது. 2009இல் சீர்ப்படுத்தி பீர்க்கடையாகத் திறந்தார்கள். சுவர் ஓடுகள் பளபளக்கின்றன. அப்புறம் ஹடர்ஸ்ஃபீல்டு. கோயில் மண்டபம் போல் பெரிய கல்தூண்கள் நிற்கும் முகப்பின் இரு கோடியிலும் ஒவ்வொரு கடை. அங்கிருந்து மார்ஸ்டன் தாண்டி, கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்டான்டெட்ஜ் சுரங்கத்தின் இருட்டுக்குள் புகுந்து வெளியே வந்து, கடைசியாக ஸ்டாலிபிரிட்ஜ்.

ஸ்டாலிபிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். நடைமேடையிலேயே இருக்கிற பஃபே பார் அது, 1885லிருந்து. பளிங்குக் கவுன்டர், எரியும் கணப்பு. கதவைத் திறந்தால் நேரே ரயில். சின்னக் கிண்ணத்தில் கறுப்புப் பட்டாணி தருகிறார்கள். குழைய வேகவைத்து, மேலே வினிகர். முதல் கரண்டியிலேயே எனக்கு மீட்டர்கேஜ் காலத்து விழுப்புரம் வந்துவிட்டது. வண்டி நின்றதும் ஜன்னல் ஜன்னலாக ஓடுகிற பட்டாணி சுண்டல். மாங்காயும் தேங்காயும் இல்லை, அவ்வளவுதான்.

டிரைவர் கேட்டார்: 'உன் அப்பாவும் ரயில்வே என்றாயே, என்ன வேலை?'

போர்ட்டர் என்று சொன்னேன். முதல் தடவையாக, முழுதாக.

ஒரு நொடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் கேள்விகள் வந்தன. எத்தனை பெட்டி தூக்குவார்? தலையிலா, தோளிலா? மேம்பாலப் படியில் எப்படி ஏறுவார்? எந்தெந்த வண்டிக்குக் கூட்டம்? நான் சொல்லச் சொல்ல இன்னும் கேட்டார்கள். சும்மாடு கட்டுவதை அங்கிருந்த துணி நாப்கினைச் சுருட்டிக் காட்டினேன். 2008இல் போர்ட்டர்களை ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு எடுத்தபோது அப்பாவுக்கு வயது தாண்டிவிட்டதைச் சொன்னேன். அந்த மேசையில் யாரும் 'பாவம்' என்று சொல்லவில்லை. வேலை தெரிந்த ஒருவரைப் பற்றிக் கேட்பது போலவே கேட்டார்கள். டிரைவர் நோட்டை எடுத்து, 'வில்லையில் எண் இருந்ததா?' என்றார். 63 என்றேன். அன்றைக்குப் பார்த்த எஞ்சின் எண்களுக்குக் கீழே எழுதிக்கொண்டார். 63, விழுப்புரம்.

மறுநாள் அப்பாவிடம் வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். பீர் குடித்ததையும் மறைக்கவில்லை. அவர் பெயரில் ஒரு பீர் இருக்கிறது என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

'இது எதுலடா வருது?'

'பீப்பாயில்ப்பா. ஒண்ணு நாப்பத்தொரு லிட்டர் பிடிக்கும்.'

'அப்படின்னா பீப்பாயோட சேத்து அம்பது கிலோவாவது இருக்கும்,' என்றார் உடனே. கொஞ்சம் யோசித்தார். 'உருண்டையா இருக்கறதால சும்மாட்டுல நிக்காது. தோளுலதான் போட்டுக்கணும். நிலவறைக்குப் படி எத்தினி இருக்குன்னு கேட்டுச் சொல்லு.'