குவாரித் தண்ணீரைத் தேடி உபினுக்கு

புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் கிணற்றில்தான் நீச்சல் பழகுவோம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா என்னைத் தூக்கிப் போட்ட நாள் இன்னும் நினைவிருக்கிறது. சிங்கப்பூர் வந்து புலாவ் ஹந்து தீவில், காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா கற்ற பிறகும் உப்பில்லாத நல்ல தண்ணீர்மேல் உள்ள ஆசை போகவில்லை. ஹந்துவில் பவளமும் குட்டிக் குட்டிக் கடல் நத்தைகளும் நிறைய உண்டு. ஆனால் கலங்கல். சில நாட்களில் மூன்று மீட்டர் முன்னால் போகிறவர் காலில் மாட்டிய ஃபின் (நீந்தும் துடுப்பு)கூடத் தெரியாது. அலையும் நீரோட்டமும் இல்லாத, தண்ணீர் நிறைந்த பழைய கல் குவாரி ஒன்று இங்கேயே கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முதலில் புக்கிட் தீமா பக்கம் போனேன். ஹிண்ட்ஹீட் குவாரியில் செங்குத்தான கிரானைட் பாறைக்குக் கீழே பச்சைத் தண்ணீர். ‘சிங்கப்பூர் குவாரி’ என்ற பள்ளம் இப்போது பறவைகள் வாழும் ஈரநிலம். புக்கிட் கோம்பாக் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘லிட்டில் குய்லின்’ என்ற பழைய குவாரி படம் எடுக்க அருமையான இடம். எதிலும் இறங்க அனுமதி கிடையாது.

சரி, உபின் தீவு மிச்சமிருக்கிறதே என்று எனக்கு டைவிங் சொல்லிக்கொடுத்த அண்ணனையும் கூட்டிக்கொண்டு சாங்கி படகுத்துறைக்குப் போனேன். 12 பேர் சேர்ந்தால்தான் பம்போட் என்ற சிறு படகு கிளம்பும். காத்திருந்த நேரத்தில் அண்ணன் உபின் கல்லைப் பற்றிச் சொன்னார். 1851இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கமும், சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும், 1924இல் திறந்த ஜொகூர் தரைப்பாலமும் இந்தத் தீவின் கிரானைட்டால் எழும்பியவை. கல் உடைப்பது 1999இல் நின்றது. பள்ளங்களில் தண்ணீர் நிறைந்தது.

புவாக்கா குன்றின் மேலே வாடகை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம். கீழே உபின் குவாரி கண்ணாடிபோலக் கிடந்தது. எனக்குக் கால் பரபரத்தது.

“தண்ணியப் பாக்காத தம்பி. ஏறி வர வழி எங்க இருக்குன்னு பாரு,” என்றார் அண்ணன்.

பார்த்தேன். வழியே இல்லை. நான்கு பக்கமும் வெட்டிய பாறை, சுற்றிலும் வேலி. அடியில் என்ன மரம் கிடக்கிறது, எந்தப் பாறை தளர்ந்திருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. வண்டலை ஃபின் ஒருமுறை கிளறிவிட்டால், நீரோட்டம் இல்லாததால் கலங்கல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஊரில் கைவிட்ட குவாரிகளில் பிள்ளைகள் மூழ்கிப்போகும் செய்தி வரும். அது ஞாபகம் வந்ததும் என் ஆசை அடங்கியது.

அண்ணன் இங்கிலாந்தில் ஸ்டோனி கோவ் என்ற குவாரியில் இறங்கியிருக்கிறார். அதுவும் கிரானைட் வெட்டிய பள்ளம்தான். ஆனால் தண்ணீருக்குள் படிப்படியாகத் தட்டுகள்: முதல் தட்டு சுமார் 6 மீட்டர், அடுத்தது 20 மீட்டர், அடிப்பகுதி 35 மீட்டர் வரை. பார்ப்பதற்காகவே ஒரு பழைய இழுவைப்படகை மூழ்கடித்து வைத்திருக்கிறார்கள். கரையிலேயே காற்று நிரப்பிக்கொள்ளலாம். குளிருக்கு உடம்பு நனையாத உடை போட வேண்டும். அமிழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தை, அதே உடையோடு கடலில் கட்டுவதைவிடக் குறைக்க வேண்டும். உப்புத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர் இரண்டரை சதவீதம் லேசு, அதனால் நம்மைக் குறைவாகவே தூக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து 90 கிலோ என்றால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ ஈயம் வேண்டாம். ஆக, நல்ல குவாரி என்று சொல்ல தெளிந்த தண்ணீர் மட்டும் போதாது. இறங்கவும் ஏறவும் வழி, அளந்த ஆழம், கரையில் ஆக்சிஜன், உதவிக்கு ஆள் இருக்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

திரும்பும்போது படகுத்துறைக்குப் பக்கத்திலுள்ள பெக்கான் குவாரியில் நின்றோம். தண்ணீருக்கு நடுவே மரங்களில் சாம்பல் நாரைக் கூடுகள். அண்ணன் தொலைநோக்கியை என் கையில் கொடுத்தார். ஒரு கூட்டில் இரண்டு குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. தாய் நாரை இரையோடு வந்து இறங்கும்வரை நாங்கள் கிளம்பவில்லை.