கோழிக்கு நாலு தண்ணீர், வல்லாரைக்கு ஒன்று

மட்டக்களப்புப் பக்கம் எந்தச் சமையலறைக்குள் போய் நின்றாலும், எந்தப் பொருளை எத்தனை தண்ணீரில் கழுவுவது என்று எழுதாத சட்டம் ஒன்று அங்கே இருக்கும். கோழிக்கு நாலு தண்ணீர். அதுவும் மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசைந்து, தேசிக்காய்ப் புளி விட்டு, இரத்த வாடை போகும்வரை. மீனுக்கு மூன்று. அரிசிக்குக் கழுநீர் தெளியும்வரை. வல்லாரைக்கு? பைப்பில் ஒருதரம் காட்டி உதறினால் சரி.

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ) வேலைக்கு வந்த காலத்திலிருந்து நான் மல்லுக்கட்டுவது இந்த வரிசையோடுதான். நம்முடைய ஆட்கள் கழுவுவதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே கழுவுவார்கள். ஆனால் நெருப்பில் வேகப்போகிற பொருளுக்கு அத்தனை தண்ணீரையும் ஊற்றிவிட்டு, பச்சையாகவே வாய்க்குப் போகிறதை நனைத்து எடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் எனக்கும் சமையல்காரருக்கும் பேச்சு முற்றும்.

பி.எச்.ஐ வருகிறார் என்றால் கடைக்காரர் முதலில் ஒட்டறையைத்தான் தட்டுவார். அடுத்தது வேலையாட்களின் மருத்துவச் சான்றிதழைத் தேடுவார். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம், உள்ளே போய்ப் பார்க்கவும் மாதிரி எடுக்கவும் வழக்குப் போடவும் எங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் கிணற்றடியில் ஒருவர் எப்படிக் குந்தியிருந்து கழுவுகிறார் என்பதை எந்தச் சட்டத்தாலும் மாற்ற முடியாது. பக்கத்தில் நின்று பார்த்து, கதைத்து, காட்டித்தான் மாற்றலாம்.

கோழியை எடுப்போம். பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்று 2014 இல் பிரித்தானியாவின் உணவுத் தர முகமை ஒரு பிரசாரமே நடத்தியது. தண்ணீர் பட்டுத் தெறிக்கும்போது கம்பைலோபக்டர் என்ற கிருமி சமையலறை முழுக்கப் பரவும், கோழியில் இருப்பதை அடுப்பு பார்த்துக்கொள்ளும் என்பது அவர்களுடைய வாதம். வாதம் சரிதான். ஆனால் அந்த நாட்டுக் கோழி உரித்து, துப்புரவாக்கி, குளிரூட்டி, பெட்டியில் அடைத்து வருகிறது. எங்களுடைய கோழியோ கடையில் கண் முன்னால் வெட்டுப்பட்டு, இறகின் அடிக்குருத்தும் உறைந்த இரத்தமும் ஈரல் துணுக்குமாகச் சொப்பிங் பையில் சூடு ஆறாமல் வருகிறது. இதைக் கழுவாதீர்கள் என்று ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ போய்ச் சொன்னால், அடுத்த முறை எனக்குத் தேத்தண்ணிகூடக் கிடைக்காது.

ஒருமுறை ஒரு சோற்றுக் கடையின் பின்கட்டில் சொல்லியும் பார்த்தேன். சமைத்துக்கொண்டிருந்த ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழுவாத கோழிய ஆரு சேர் திம்பாங்க? வாய்க்கிட்ட கொண்டுபோனாலே மணம் காட்டிக்குடுத்துரும்."

சரி, கழுவுங்கள், நீங்கள் கழுவுகிற மாதிரியே கழுவுங்கள் என்றேன். கோழியில் மஞ்சள் ஏற்கெனவே தடவியிருந்தது எனக்கு வசதியாகிப் போனது. பையிலிருந்த வெள்ளைத் தாள்களைப் பைப்புக்கு இரண்டு பக்கமும் விரித்தேன். அவர் வழக்கம்போலப் பைப்பை முழுக்கத் திறந்து, துண்டு துண்டாகப் பிடித்துக் கழுவினார். முடிந்ததும் தாள்களைத் தூக்கிக் காட்டினேன். மஞ்சள் பொட்டுகள் ஒரு முழத் தூரம்வரை போயிருந்தன. பைப்பின் கைப்பிடியில் மஞ்சள். அவருடைய முழங்கையில் மஞ்சள். சம்பலுக்கு அரிந்து வைத்திருந்த வெங்காயத் தட்டின் ஓரத்திலும் இரண்டு பொட்டு.

"கோழி அடுப்புக்குப் போகுது. இந்த வெங்காயம் எங்க போகுது?"

அவர் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பக்கத்து மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் கோழி கழுவுவது வெளியே, ஒரு பேசினில். தண்ணீரை முதலில் நிரப்பிவிட்டு, கோழியை அதற்குள் அமிழ்த்தி, மெதுவாக அலசி எடுப்பார்கள். பச்சையாகச் சாப்பிடுகிற சாமான் எல்லாவற்றையும் அரிந்து மூடி வைத்த பிறகுதான் கோழிப் பை அவிழும். நாலு தண்ணீர் இரண்டானது. பேசினையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் என்பது இன்னும் எழுபது வீதம்தான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிருமியைக் கொல்கிற வேலை எப்படியும் நெருப்புக்கு உரியது. துண்டின் நடுப்பகுதிக்கு 74 பாகை செல்சியஸ் சூடு ஏற வேண்டும். வெப்பமானி இல்லாத அடுப்படியில், இருக்கிறதிலேயே பெரிய துண்டை எலும்போரம் வெட்டிப் பார்த்து, சிவப்பு நீர் வராமல் இருந்தால் இறக்கலாம் என்று சொல்லிக் கொடுக்கிறோம்.

மீன் கதை வேறு. நமக்கு மீன் கழுவத் தெரியாது என்று சொன்னால் வாவியே சிரிக்கும். சாம்பலும் உப்பும் தேய்த்து, புளி போட்டு அலசி, நாற்றமே இல்லாமல் எடுத்துவிடுவார்கள். ஆனால் சூரை மீனில் வருகிற ஒரு வில்லங்கம் எத்தனை தண்ணீருக்கும் அசையாது. பிடித்த மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அதன் தசையிலேயே ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்திலேயே முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலையிடியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். ஊரில் இதற்குக் கிரந்தி என்று பெயர் வைத்து, சூரை மீனையே குற்றவாளியாக்கிவிடுவார்கள். மீனில் குற்றமில்லை. ஐஸ் போடாதவரைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. இந்த முறைப்பாடு வந்தால் நான் சமையலறைக்குள் போகவே மாட்டேன். நேரே மீன் வந்த பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

அரிசியைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். அரிக்கன் சட்டியில் கல் அரித்த காலம் போய்விட்டது. அம்பாறை ஆலைகளிலிருந்து வருகிற அரிசியில் கல்லை இயந்திரமே எடுத்துவிடுகிறது. அப்புறமும் ஐந்தாறு தண்ணீரில் பிசைந்து கழுவினால் போவது பி1 உயிர்ச்சத்துத்தான். பச்சையரிசியில் அது கூடுதலாகப் போகும். புழுங்கலில் நெல் அவியும்போதே சத்து உள்ளே இறங்கிவிடுவதால் இழப்புக் குறைவு. சோற்றால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வருகிற இடம் கழுவும் இடமே இல்லை. காலையில் ஆக்கிய சோறு பெரிய அலுமினியப் பானையில் வெதுவெதுவென்று பின்னேரம்வரை கிடந்து, இரவில் ஃபிரைட் ரைஸாக மறுபிறவி எடுக்கிறதே, அங்கேதான். அரிசியோடு வருகிற ஒரு கிருமியின் வித்து சோறு வெந்தாலும் சாகாது. அந்த வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு தாச்சியின் சூட்டுக்கும் அசையாது.

இனி வல்லாரை. நான் அதிகம் பேசுவது இந்தக் கீரையைப் பற்றித்தான் என்று வீட்டிலும் கேலி செய்வார்கள். ஈரநிலத்தில், வாய்க்கால் ஓரத்தில் தரையோடு ஒட்டிப் படர்கிற செடி. மாடு நின்ற இடம், வெள்ளம் வடிந்த இடம், சில வேளை மலசலகூடக் குழி கசிகிற இடம், எல்லாமே அதற்கு வளர நல்ல இடம்தான். அதை வெட்டி, கட்டாகக் கட்டி, வாடாமல் இருக்கக் கையில் அகப்பட்ட தண்ணீரைத் தெளித்துச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். நாம் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காயும் போட்டு, அடுப்பே காட்டாமல் சம்பல் போட்டுச் சாப்பிடுகிறோம். நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, வயிற்றுளைவு, பூச்சி முட்டை, எது வந்தாலும் தடுக்கக் கழுவுகிற கை ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கைதான் ஒருதரம் உதறிவிட்டு எடுக்கிறது.

கீரை கழுவுவதில் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை மட்டும் மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். பேசினில் கீரையைப் போட்டு அலசியதும் பேசினைச் சரித்துத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். அடியில் படிந்த மணலும் அழுக்கும் மறுபடி கீரையின் மேலேயே வந்து படியும். அப்படிச் செய்யாமல், கீரையை இரண்டு கையாலும் அள்ளி மேலே எடுத்து வடிதட்டில் போட வேண்டும். பிறகுதான் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பேசினின் அடியை விரலால் தடவிப் பார்த்தால் நறநறவென்றிருக்கும். கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர். விரலுக்கு மணல் தட்டாத வரைக்கும் இப்படியே. அதற்கு முன்பு கட்டை அவிழ்த்து, வேர்க்கணுவை நறுக்கி எறிந்துவிட வேண்டும், சேறு ஒளிந்திருப்பது அங்கேதான். கடைசித் தண்ணீரில் இலையின் அடிப்பக்கத்தையும் விரலால் தேய்க்க வேண்டும். அரிவது எல்லாம் முடிந்த பிறகு. அரிந்துவிட்டுக் கழுவினால் சத்தும் போகும், வெட்டுவாய் வழியாக அழுக்கும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் புழு, நத்தைக் குஞ்சு வெளியே வரும். நல்லதுதான். ஆனால் உப்போ தேசிக்காயோ கிருமியை ஒழித்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது ஒரு அம்மா கேட்டார்: "எல்லாஞ் சரி மகன், கழுவுற தண்ணி சுத்தமெண்டு ஆர் சொன்ன? மறுகா எத்தின தரம் கழுவி என்ன?"

இதற்குமேல் ஒரு நல்ல கேள்வியை நான் எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை. நம்முடைய கரையோரம் முழுக்க மணல். கிணறு ஆழமில்லை. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் ஐம்பதடியாவது இடைவெளி வேண்டும் என்று நாங்கள் சொல்கிறோம். ஆனால் பத்துப் பேர்ச் காணியில் வீடு, கிணறு, குழி, பக்கத்து வீட்டுக் குழி எல்லாம் இருக்கும்போது அந்த ஐம்பதடிக்கு எங்கே போவது? உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்த பிறகும், சமைக்கவும் குடிக்கவும்தான் குழாய்த் தண்ணீர். கழுவுவதற்கு இன்னும் கிணறுதான். பில் வராதே!

மார்கழி, தை வெள்ளம் வந்தால் கேட்கவே வேண்டாம். 2011 தையிலும் 2024 கார்த்திகையிலும் வந்த வெள்ளங்களில் கிணறும் குழியும் ஒரே தண்ணீரானது. வெள்ளம் வடிந்ததும் குளோரின் தூளோடு வீடு வீடாகப் போவதுதான் எங்கள் வேலை. தண்ணீர் மட்டம் நிலத்தோடு நிற்கும்போது கிணற்றை அடிவரை இறைக்கவும் கூடாது, மணலில் கட்டே இறங்கிவிடும். அளந்து குளோரின் போட்டு, இரவு முழுக்க விட்டு, காலையில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று மாத்திரை போட்டுப் பார்த்து ரோஸ் நிறம் வந்தால்தான் எனக்கு நிம்மதி. "சோறு ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது" என்று முறைப்பாடு வரும். அந்த மணம் இருக்கும் வரைக்கும் நான் அங்கே கீரையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய தோட்டத்துக் கீரையை மட்டும் எந்தத் தண்ணீரில் கழுவியும் சாப்பிட வேண்டாம், மாட்டுக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மருந்தடித்த மரக்கறி பற்றியும் கேட்பார்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது ஓடுகிற தண்ணீரில் தேய்த்தால் குறையும், தோல் சீவினால் இன்னும் குறையும். செடி உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டது வராது. 2017 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளை வைத்துச் செய்த ஆய்வில், அப்பச்சோடா கரைத்த தண்ணீர் வெறும் தண்ணீரை விட நன்றாக வேலை செய்தது. அதற்கும் தோலுக்குள் இறங்கியதை எடுக்க முடியவில்லை. பாத்திரம் கழுவுகிற திரவத்தில் திராட்சையை ஊறவைக்கிற இளம் தாய்மாரும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பிள்ளையின் வயிற்றுக்கு அது இன்னொரு மருந்து.

வீதியோரம் வத்தகப்பழம் குவித்து விற்கிற தம்பிமாரிடம் தோலைக் கழுவிவிட்டு வெட்டச் சொன்னால், "தோல ஆர் சேர் தின்னப்போறாங்க?" என்பார்கள். கத்தி தோல் வழியாகத்தானே உள்ளே போகிறது, தோலில் இருப்பதைச் சிவப்புச் சதைக்குள் பூசிக்கொண்டே போகிறது என்று விளக்கினால், நான் நிற்கும்வரை கழுவுவார்கள்.

இப்போது என் மேசையில் இருப்பது வைகாசிச் சடங்கு அன்னதானம். போன கிழமை கோயில் நிர்வாகியான வண்ணக்கரோடும் சமையல் பொறுப்பாளரோடும் இருந்து கதைத்தோம். இத்தனை சனத்துக்கு வல்லாரை கழுவ ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை, சம்பலை விட்டுவிடுவோம் என்றேன்.

"சம்பல் இல்லாட்டி சனம் என்ன சொல்லும் தம்பி?" என்றார் வண்ணக்கர்.

இழுபறிப்பட்டு, வல்லாரையைத் தாச்சியில் ஆவி பறக்க வதக்கிச் சுண்டலாகப் போடுவது என்று முடிவானது. பச்சையாக ஒன்றும் இல்லை. மோருக்குக் கொதித்தாறிய தண்ணீர். கீரை கழுவுவதற்கென்று தனியாக ஒரு தண்ணீர்ப் பவுசர் வண்டி வேண்டும் என்று அவரே கேட்டார். பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று, இன்னும் பதில் வரவில்லை.