முழங்கால் கொழுப்புத் திண்டில் கட்டி: கருவியை எடுக்கும் முன்

முழங்கால் சில்லுக்குக் கீழே, தடித்த தசைநாணுக்குப் பின்னால் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. 1904-இல் ஆல்பர்ட் ஹோஃபா என்ற ஜெர்மன் மருத்துவர் இதன் அழற்சியை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறோம். வலி நரம்புகள் நிறைந்த இடம் என்பதால், சின்னக் கட்டிகூட நன்றாகவே தொந்தரவு கொடுக்கும்.

இங்கே கட்டி வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மாடிப்படியில் வலி, காலை முழுதாக நீட்ட முடியாமல் கடைசியில் முட்டுவது, தசைநாணின் ஒரு பக்கத்தில் மட்டும் புடைப்பு: இவைதான் அடையாளங்கள். முதல் இரண்டும் ஜவ்வுக் கிழிசலிலும் வரும் என்பதால் பலர் மாதக்கணக்கில் மாத்திரையோடும் பிசியோதெரபியோடும் கழிக்கிறார்கள். ஒரு பக்கப் புடைப்பைத்தான் விரலால் தேட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்று எக்ஸ்ரேயைத் தவிர்ப்பது தவறு. சின்னச் சின்ன வட்டமான சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிந்தால் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். பெரிய எலும்புத் திரள் என்றால் குருத்தெலும்புக் கட்டியை நினைக்கலாம். ஒழுங்கற்ற சுண்ணாம்புப் படிவு சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயிலும் வரும்.

எம்.ஆர்.ஐ.யில் டி1, கொழுப்பை மறைத்த டி2, இரும்புப் படிவை எடுத்துக்காட்டும் கிரேடியன்ட் எக்கோ என்ற பட வகைகளும், ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் படமும் ஆக நான்கும் வேண்டும். இந்த இடத்தில் வரும் கட்டிகளுள் அடிக்கடி காணும், மூட்டின் உள்சவ்விலிருந்து வளரும் ஜயன்ட் செல் கட்டியில் இரும்புச் சத்துப் படிந்திருக்கும். டி1, டி2 இரண்டிலும் கறுப்புத் திட்டுகள் தெரியும், கிரேடியன்ட் எக்கோவில் அவை இன்னும் பெரிதாகும். கொழுப்புக் கட்டி, கொழுப்பை மறைக்கும்போது தானும் மறைந்துவிடும். நீர்க்கட்டியில் கான்ட்ராஸ்ட் ஓரத்தில் மட்டும் ஏறும். கான்ட்ராஸ்ட் மிச்சம் பிடிப்பதைத்தான் நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். சைனோவியல் சார்கோமா சிறியதாக, மெதுவாக வளர்ந்து, டி2-வில் நீர்க்கட்டி மாதிரியே வெளுத்து நிற்கக்கூடும். உள்ளே ரத்த ஓட்டம் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது கான்ட்ராஸ்ட்தான்.

சந்தேகம் இருந்தால், ஸ்கேனுக்குப் பிறகு கோர் ஊசி பயாப்சி, அதாவது தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சின்னத் திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது. ஊசி போகும் பாதையை அறுவை செய்யப்போகும் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். அது பின்னால் கீறப்போகும் கோட்டிலேயே அமைய வேண்டும், மூட்டுக்குள் நுழையக் கூடாது. கட்டி இன்னதென்று தெரியாமல் ஆர்த்ரோஸ்கோப் (சின்னத் துளை வழியாக மூட்டுக்குள் பார்க்கும் கருவி) விட்டு, அது சார்கோமாவாக இருந்துவிட்டால், செல்கள் மூட்டு முழுவதும் சிதறிவிடும். கட்டியைச் சுற்றி அகலமாக வெட்டினால் போதும் என்றிருந்த நோயாளிக்கு மூட்டையே எடுக்கும் நிலை வரலாம்.

ஓரிடத்தில் நிற்கும் ஜயன்ட் செல் கட்டியை முழுசாக, ஓரத்தோடு எடுத்தால் போதும். ஆர்த்ரோஸ்கோப்பில் ஒரு சிக்கல் உண்டு: வழக்கமாகத் தசைநாணின் இருபுறமும் போடும் துளைகள் இந்தத் திண்டின் வழியாகவே போகின்றன, பார்வை மறையும், கட்டி கிழியும். சில்லுக்கு மேல் வெளிப்பக்கத் துளையிலிருந்து பார்ப்பது நல்லது. ஷேவர் என்ற சுழலும் வெட்டுக் கருவியால் அரைத்து எடுத்தால் நோயியல் ஆய்வுக்கு உருப்படியான திசு கிடைக்காது. கட்டி பெரிதென்றால் தசைநாண் ஓரமாகத் திறந்து எடுப்பதே பாதுகாப்பு. ரத்தக்குழாய்க் கட்டியில் தையலுக்கு முன், ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய டூர்னிக்கேயைத் தளர்த்தி ரத்தக் கசிவைப் பார்த்து நிறுத்த வேண்டும். திண்டு முழுவதையும் அள்ளி எடுக்க வேண்டாம். அங்கே தழும்பு சுருங்கினால் சில்லு கீழே இழுபடும், கால் மடங்காது.

எடுத்தது வெறும் கொழுப்பு மாதிரி இருந்தாலும் 10% ஃபார்மலினில் நோயியல் ஆய்வுக்குப் போக வேண்டும். காலை முழுதாக நீட்டும் பயிற்சி மறுநாளே தொடங்கலாம். மூட்டெங்கும் பரவிய ஜயன்ட் செல் கட்டி திரும்ப வருவது சகஜம். அறுவையால் பலன் கிடைக்காதவர்களுக்காக 2019-இல் அமெரிக்காவில் பெக்ஸிடார்டினிப் என்ற மருந்து (காப்ஸ்யூல்) அனுமதி பெற்றது. அதைக் கொடுக்கும்போது கல்லீரல் சோதனையைத் தவறவிடக் கூடாது.